ஆழ்துளைக் கேமரா கண்ட நாக்கு

நாவால் பிழைப்பவன் தன் நாவை ஒருநாளும் முழுமையாகப் பார்த்திருக்க மாட்டான் என்பது என் துணிபு. திருச்செங்கோட்டுக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். பட்டிமன்ற நடுவராக அமர்ந்து ஒலிபெருக்கிகளுக்கே ஓய்வு தந்தவன். அந்த நாவின் பின்புறத்தை முதன்முதலாகக் கண்ட நாளில், அறிவு என்று நான் நம்பி வந்த பொருள் என்னைக் கைவிட்டது.

கொதிக்கும் கொள்ளு ரசம் நுனி நாவைச் சுட்டதுதான் தொடக்கம். (பசி, வேறு காரணமில்லை.) கண்ணாடிமுன் நின்று, கைக்குட்டையால் நாவைப் பற்றி இழுத்து, கைப்பேசி விளக்கைப் பாய்ச்சினேன். சுட்ட இடத்தில் சிறு சிவப்பு. அதற்கப்பால், தொண்டைக்கருகே, அம்பு முனைபோல் இரு வரிசையாய்க் கட்டிகள்! எட்டோ பத்தோ, எண்ணி முடிப்பதற்குள் குமட்டியது. கைப்பேசியிலேயே தேடினேன். முதற்பக்கம் ‘பெரும்பாலும் இயல்பு’ என்றது; அதில் எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. நான்காம் பக்கம் புற்றுநோய் என்றது. அதுவே ஆய்வாளனுக்குரிய முடிவெனத் தெளிந்தேன்.

மருத்துவரிடம் சென்றிருக்கலாம். நான் சென்றது எழுதுமேசைக்கு. ஞாயிறன்று நடக்கவிருந்த பட்டிமன்றத்திலிருந்து விலகுவதாகக் கடிதம் வரைந்தேன். ‘இந்நா இனிப் பேசாது’ என்று தொடங்கிய அதனை மூன்று முறை செப்பனிட்டேன். (சாவதற்கு ஒப்பினேன், சந்திப்பிழையோடு சாவதற்கு ஒப்பவில்லை.) நான்கு நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை. வீடு நிம்மதியாக இருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

ஐந்தாம் நாள் கடிதம் என் மனைவி கோமதியின் கையில் சிக்கியது.

“ஏனுங்க, நாக்குல கட்டின்னா ஆசுபத்திரிக்குப் போவாங்களா, கட்டுரை எழுதுவாங்களா?”

“போனால் உறுதிசெய்துவிடுவார்கள்,” என்றேன்.

அவள் தன் தம்பி குமரேசனைக் கைப்பேசியில் அழைத்தாள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வைத்திருப்பவன். மழைக்காலமாதலால் வடநாட்டு வேலை நின்று லாரி ஊர் திரும்பியிருந்தது.

“மாமாவப் பட்டறைக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. எழுநூறு அடிக்குக் கீழ பாக்கற கேமரா நம்மகிட்ட இருக்குது. மூணு இஞ்சு நாக்கப் பாக்காதுங்களா?”

மருத்துவர் என்ற சொல்லுக்கே நடுங்கிய நான் இதற்கு உடனே இசைந்தேன். (கற்றவனின் பகுத்தறிவு இவ்வாறுதான் இயங்கும்.)

கிணற்றுக்குள் இறங்கும் அந்தக் கேமராவைச் சோப்பிட்டுக் கழுவினான் குமரேசன். வாய்க்குள் விடமாட்டேன் என்று அக்காளுக்குச் சத்தியமும் செய்தான். நான் நாற்காலியில் சாய்ந்தேன். லாரித் தொழிலாளர் ஐவர் திரையைச் சூழ்ந்தனர்.

“மாமா, வாய நல்லாத் தொறங்க. ஆறரை இஞ்சு போர்க் குழியாட்ட இருக்கோணும்.”

திரையில் என் நா ஒரு பாறை நிலமாய் விரிந்தது. பின்புறத்தில் அந்த வரிசை.

“கல்லுத் தட்டிருச்சுங்க,” என்றார் ஒருவர். எவரும் சிரிக்கவில்லை. கோமதி என் தோளைப் பற்றினாள். அந்தப் பிடியில்தான் அவளும் அஞ்சியிருந்தாள் என்பதை உணர்ந்தேன்.

அப்போது, துளையிடும் பொறியை இயக்கும் செங்கோடன் முன்னே வந்தார். “வாத்தியாரய்யா, கொஞ்சம் எந்திரிங்க. எனக்கு இருக்குதான்னு பாத்துப்போடலாம்.”

அமர்ந்து நாவை நீட்டினார். அதே வரிசை! அடுத்தவருக்கும் அதே. குமரேசனுக்கும் அதே.

“ஏனுங் மாமா, ஒரு லாரிக்கே மொத்தமா வந்துருச்சுங்களா?”

பட்டறை அதிரச் சிரித்தார்கள். நானும் நான்கு நாள் சேமித்த குரலனைத்தையும் செலவிட்டுச் சிரித்தேன். கோமதி மட்டும் சிரிக்கவில்லை.

“செங்கோடண்ணா, இன்னொருக்கா நாக்க நீட்டுங்க. ஓரத்துல வெள்ளையா அதென்னுங்க?”

“அது ரெண்டு மாசமா இருக்குதும்மணி. வலியே இல்ல. பொகையிலை ஒதுக்கற பக்கம், அவ்வளவுதான்.”

சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை நானும் அவரும் மருத்துவர் முன் அமர்ந்திருந்தோம். என் நாவுக்கு அந்த அம்மையார் அரை நிமிடம்கூட ஒதுக்கவில்லை. “இது எல்லாருக்கும் பொறந்ததுல இருந்தே இருக்கறதுங்க சார். சுவை அரும்பு. சூடு பட்ட எடம் ஒரு வாரத்துல தானா ஆறிரும்.” செங்கோடனின் நாவை நெடுநேரம் பார்த்தார், விரலால் தடவினார். “புண்ணோ, கட்டியோ, வெள்ளை, செவப்புத் திட்டோ ரெண்டு வாரத்துக்கு மேல நின்னா, வலி இல்லாட்டியும் வந்து காட்டோணும். ரத்தம் கசிஞ்சா, மரத்துப்போனா, முழுங்கச் செரமப்பட்டா, கழுத்துல கட்டி தெரிஞ்சா அந்த ரெண்டு வாரமும் காத்திருக்கக் கூடாதுங்க.”

செங்கோடனைச் சேலத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். துணுக்கெடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை செங்கோடன் பேசவில்லை. அவருடைய மௌனத்தில் என்னுடையதைப்போல் அலங்காரம் எதுவும் இல்லை. புற்றுநோயன்று, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடும் என்றார்கள். திட்டை அகற்றினார்கள். புகையிலையை அவர் அகற்றினார். இதற்கிடையே நான் அந்த ஞாயிறு நடுவராக அமர்ந்து, வழக்கத்தைவிட அரைமணி கூடுதலாகப் பேசினேன்.

இன்றும் நான் சற்று நீளப் பேசினால், “மாமா, எத்தனை அடியில தண்ணி?” என்கிறான் குமரேசன். செங்கோடனோ ஒவ்வொரு மழைக்காலமும் ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டு வாசலில் நின்று, வணக்கத்துக்கு முன்பே நாவை நீட்டிக் காட்டுவார். என் மகளின் திருமண மேடையிலும், பேராசிரியர் பலர் பார்த்திருக்க, நீட்டினார். மரியாதைக்கு மறுமரியாதையாக நானும் நீட்டினேன். லாரிக்காரர் அனைவரும் நீட்டினர். புகைப்படக்காரர் அக்கணம் பார்த்தா அழுத்த வேண்டும்!

அந்தப் படம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அதில் நாவை நீட்டாமல் நிற்பவள் கோமதி ஒருத்திதான். அவள் புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. வரிசையில் ஒவ்வொரு நாவின் ஓரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.