குங்ஃபூ அண்ணாச்சியின் சம்ஹாரங்கள்

எங்கள் குங்ஃபூ அண்ணாச்சியைப் போல இத்தனை முறை செத்தவர் இந்தத் தென்கோடி மாவட்டத்தில் ஒருவரும் இல்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. மலையுச்சியிலிருந்து உருட்டிவிடப்பட்டுச் செத்திருக்கிறார். எரியும் லாரிக்குள் செத்திருக்கிறார். கொச்சித் துறைமுகத்தில் பளுதூக்கியின் கொக்கியில் தொங்கிச் செத்திருக்கிறார். ஒரு தெலுங்குப் படத்தில் கதாநாயகன் விட்ட ஒற்றை உதையில் சுவரைத் துளைத்து, அடுத்த வீட்டுச் சமையலறையைக் கடந்து, கொல்லைப்புறத்துக் கிணற்றில் விழுந்து மாண்டார். மாண்ட மறுவாரமே எங்கள் தெருமுனைக் கடையில் மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு நிற்பார். பிறந்து பிறந்து இறந்து இளைத்தேன் என்று அடியார்கள் காலங்காலமாகப் பாடிக் கண்ணீர் விட்டார்கள். அண்ணாச்சியோ அதையே தொழிலாகக் கொண்டு, சம்பளமும் வாங்கி, ஒரு நாளும் இளைக்காமல் இருந்தார்.

எங்கள் ஊர் முருகன் கோயிலில் மாலைப் பூசைக்குப் பதிகம் பாடுவது என் பணி. அண்ணாச்சி எனக்கு இரத்த உறவல்லர். ஆயினும் தெரு வழக்கப்படி அவருக்கு நான் சித்தப்பா, அவர் மனைவிக்கு மாமா. ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும், உச்சியில் முடிந்த கொண்டையும், இரண்டு பக்கமும் தொங்கும் மீசையுமாக அவர் தெருவில் நடந்து வந்தால், புதிதாக வந்த தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆனால் 'குங்ஃபூ' என்று அழைத்தால் அவருக்கு மனம் நோகும்.

"நான் படிச்சது நம்ம அடிமுறைலா சித்தப்பா? கல்குளத்துப் பக்கம் ஆசான்கிட்ட மண்ணுல உருண்டு படிச்சது. இந்தப் பயக்க குங்ஃபூ குங்ஃபூன்னு சொல்லுகானுவ. சைனாவ நான் மேப்புல கூட ஒழுங்கா பாத்தது இல்ல."

திரைப்படத் துறை அவருடைய மீசையைப் பார்த்ததே தவிர ஆசானைக் கேட்கவில்லை. பாங்காக்கில் கள்ளக்கடத்தல் செய்பவர், இமயமலைக் குகையில் கொலைப்பயிற்சி கொடுப்பவர் என்று, அந்த முகத்தோடு அவர் போகாத தேசமில்லை. குரல் மட்டும் எல்லாப் படத்திலும் இரவல். தம் சொந்தக் குரலில் ஒரு முறை வசனம் பேசிக் காட்டியபோது இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். "'உன்னைக் கண்டதுண்டமா வெட்டுவேன்'னு நான் சொன்னா, சாளை மீனு என்ன விலைன்னு சந்தையில கேக்கது மாதிரி இருக்காம் சித்தப்பா!"

அவருடைய முதல் மரணம் திற்பரப்பில் நிகழ்ந்தது. அங்கே படப்பிடிப்புக்கு வந்த ஒரு குழுவில், பாறையிலிருந்து அருவித் தடாகத்தில் விழ வேண்டிய சண்டைக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் "நான் விழுகேன்" என்று முன்வந்தார். கதாநாயகன் உதைத்தார், இவர் பறந்தார், விழுந்தார், பிணமாகி மிதந்தார். எல்லாம் அற்புதமாக நடந்தது. ஆனால் சற்றுத் தள்ளிக் குளித்துக்கொண்டிருந்த நல்ல மனிதர்கள் நான்கைந்து பேர், ஒருவர் வெள்ளத்தில் போகிறார் என்று பதறிப் பாய்ந்து வந்து அவர் கொண்டையைப் பிடித்துவிட்டார்கள்.

"மக்கா, பயப்படாத! பிடிச்சுக்கோ!"

"விடுங்கடே! நான் செத்துட்டேன்!"

"ஏலே, செத்தவன் பேசுகான்லே!"

இயக்குநர் கரையில் நின்று கூத்தாடினார். செத்த பிறகு வாய் திறந்த குற்றத்துக்காக அண்ணாச்சியை அத்தனை பேர் முன்னிலையிலும் வசைபாடித் தீர்த்தார். ஈரத்தலையோடு நின்ற அண்ணாச்சி அன்று ஒரு சபதம் எடுத்தார்: ஒரு முறை செத்துவிட்டால், 'கட்' என்னும் சொல் காதில் விழும்வரை, மேலே பாம்பு ஏறினாலும் கண் திறப்பதில்லை. தவசிகளுக்கும் வாய்க்காத நிட்டை அது. நாளடைவில் அது உடம்போடு ஊறி, வீட்டில் பாயில் படுத்து உறங்கும்போதும் தொற்றிக்கொண்டது. காலையில் தட்டினாலும் உலுக்கினாலும் எழமாட்டார். அவர் மனைவி காப்பித் தம்ளரோடு வந்து நின்று, "கட்" என்று சொன்னால்தான் எழுந்து உட்காருவார். இதை அந்த அம்மையார் என் மனைவியிடம் சொல்லிச் சிரிக்க, அது என் காதுக்கும் வந்தது.

திரையில் அவர் செய்த பாவங்களுக்கு ஊரில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் தோவாளைப் பூச்சந்தைக்கு என்னோடு வந்தார். கோயிலுக்கு அரளி எடுக்க வேண்டும். பூக்காரி ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையை மடியோடு இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏய், நீதானடே அந்தப் பிள்ளைய கார்ல தூக்கிட்டுப் போனவன்? வெக்கமா இல்ல? அதுக்கு அப்பன் இல்ல, ஆத்தா படுத்த படுக்கை!"

அண்ணாச்சி நடிப்பு, படம் என்றெல்லாம் விளக்கவில்லை. இரண்டு கைகளையும் கூப்பினார். "தப்புதான் தாயே. இனி செய்ய மாட்டேன்."

"அந்தப் பையன் ஒன்ன அடிச்சது போதாது, கேட்டியா?"

"போதாதுதான் தாயே."

அவள் மனம் இளகிவிட்டது. அரளியோடு ஒரு கைப்பிடி பிச்சிப்பூவை அள்ளி வைத்தாள். "சாமிக்குப் போடு. புத்தி வரட்டும்." திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சி அந்தப் பிச்சிப்பூவை முகர்ந்துகொண்டே வந்தார். அதைவிடப் பெரிய விருது தமக்கு வேண்டாம் என்றார்.

இதனினும் விசித்திரம், தேநீர்க்கடை வாசலில் நடந்தது. குடித்துவிட்டு வந்த ஒருவன் கடைக்காரரிடம் தகராறு செய்ய, அண்ணாச்சி எழுந்தார். வர்மம் அறிந்த கை. இரண்டு விரலை வைத்தால் ஆள் சரிவான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. குடிகாரன் கையை வீசினான். அது அண்ணாச்சியின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. ஆனால் அத்தனை ஆண்டுகளாக அந்த உடம்பு ஒரே ஒரு மறுமொழியைத்தானே பழகியிருந்தது? அண்ணாச்சி காற்றில் எழும்பி, பெஞ்சைத் தாண்டி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மரச்சீனிக் கிழங்குக் குவியலின்மேல் போய் விழுந்தார். குடிகாரனுக்குப் போதை தெளிந்துவிட்டது. தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐயோ, எனக்கு இவ்வளவு பெலமா!" என்று அலறியவன், நேரே காவல் நிலையத்துக்கு ஓடிச் சரணடைந்தான்.

அண்ணாச்சி உடனே எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "பழக்க தோஷம் சித்தப்பா."

"ஏன் ஐயா, 'கட்' சொல்லாமலே எழுந்துவிட்டீரே?"

"விழுகது வேற, சாகது வேற. இது வெறும் விழுகதுதான்."

இத்தனை பேர் கண்டு களித்த அந்தக் கலையை, காண மறுத்தவர் ஒருவர் உண்டு. அவர் மனைவிதான். கணவருடைய ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. படம் வெளியாகும் வெள்ளிக்கிழமை, ஊரார் நாகர்கோவிலில் கொட்டகை வாசலில் நிற்பார்கள். அந்த அம்மையார் மட்டும் தேங்காய் பழத்தட்டோடு கோயிலில் நிற்பார். கணவர் பெயருக்கும் பரணி நட்சத்திரத்துக்கும் ஆயுள் அர்ச்சனை. எங்கள் கோயிலில் பூசை செய்பவரைப் போற்றி என்போம். அவர் தட்டை வாங்கும்போதே, "இந்த மாசம் ரெண்டாவது தடவையோ? இப்போ எந்த பாஷையிலே?" என்று விசாரிப்பார்.

"ஒரு படமாவது பார்க்கலாமே அம்மா" என்று நானே ஒரு முறை கேட்டேன்.

"வீட்டுல உசுரோட இருக்கப்பட்ட மனுஷன் சாகதை, டிக்கெட் எடுத்துப் பாக்கணுமா மாமா?"

நான் பதிகப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

பிறகு காலம் மாறிற்று. கம்பி கட்டிப் பறக்கும் இளைஞர்கள் வந்தார்கள். விழாமலே விழுந்ததாகக் காட்டும் கணினி வந்தது. ஒரு படப்பிடிப்பில் இடுப்பில் அடிபட்டு வந்த அண்ணாச்சியிடம், "இனி விழக்கூடாது" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீசையும் நரைத்தது. ஒரு மாலை, பூசை முடிந்து நான் படியிறங்கும்போது, கொடிமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, பாங்குல வேல பாக்கவன் பொண்டாட்டி ஒரு நாளாவது பாங்கப் பாத்திருப்பா. பஸ் ஓட்டுகவன் பொண்டாட்டி அந்த பஸ்ஸுல ஏறியிருப்பா. நான் என்ன வேல பாத்தேன்னு என் வீட்டுக்காரிக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவ பாக்க நான் நல்லா விழணும். அதுக்குப் பொறவு இந்த நடுவெலும்பு எப்படிப் போனாலும் போட்டு."

அந்த ஆண்டு சஷ்டிக்கு முன் பெய்த மழையில், சூரசம்ஹாரத்துக்கென்று வைத்திருந்த மூங்கில் சூரன் கறையான் அரித்து உதிர்ந்துபோனான். புதிய சூரனுக்கு எங்கே போவது என்று கோயில் கமிட்டி விழித்தது. அண்ணாச்சி எழுந்து நின்று, "நானே சூரனா வாறேன்" என்றார். மருத்துவர் சொன்னதை ஒருவர் நினைவூட்டினார். "ஒரே ஒரு விழுதல். அதும் ஆண்டவன் கையால" என்று அவர் வாயை அடைத்தார் அண்ணாச்சி.

அவர் சூழ்ச்சி எனக்குச் சட்டென்று விளங்கிற்று. அவர் மனைவி ஆண்டுதோறும் ஆறு நாளும் சஷ்டி விரதம் இருப்பவர். கடைசி நாளன்று சம்ஹாரத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் வாயில் சொட்டுத் தண்ணீர் படும். உலகத்தில் எந்தக் கொட்டகைக்கும் வராத அந்த அம்மையார், இந்த ஓர் அரங்கில் கண்ணை மூடவே முடியாது!

மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "மாமா, இது என்ன சதி? நீங்களும் கூட்டா?"

"சூரன் சாவது சாவில்லை அம்மா. வேல் பட்டவன் மயிலாகிறான், சேவலாகிறான். ஒன்று முருகனைச் சுமக்கிறது. மற்றொன்று கொடியாகி அவனருகிலேயே நிற்கிறது. அவன் கையால் தோற்பதைவிடப் பெரிய வெற்றி உண்டா?"

"மயிலாவட்டும், சேவலாவட்டும். நடுவு முறிஞ்சா தைலம் தேய்க்கது யாரு மாமா?"

சஷ்டியன்று கோயில் வெளியில் எள் விழ இடமில்லை. தோவாளைப் பூக்காரிகூட வந்திருந்தாள். செண்டை முழங்க, சிங்காரி மேளம் அதிர, முருகன் சப்பரத்தில் எழுந்தருள, எதிரே யானைமுகம் தரித்து வந்தார் அண்ணாச்சி. நான் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கண்கள் பாட்டில் இல்லை. என்ன பாய்ச்சல்! என்ன சுழற்சி! இடுப்பு வலி எந்த ஊருக்குப் போயிற்றோ! யானைமுகம் வீழ்ந்தது. சிங்கமுகம் வீழ்ந்தது. கடைசியில், சாயம் பூசிய சொந்த முகத்தோடு சூரன் வந்து நின்றபோது எழுந்த குலவை கடல்வரை கேட்டிருக்கும்.

போற்றி வேலைக் கொண்டுபோய் மார்பில் தொட வேண்டும். சூரன் விழ வேண்டும். அதுவே முறை. அண்ணாச்சி விலகினார். போற்றி மறுபடி நெருங்கினார். அண்ணாச்சி குட்டிக்கரணம் போட்டு மறுபக்கம் போனார்.

"ஓய், விழும் ஓய்! முகூர்த்தம் கழியறது!"

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு போற்றி. சும்மா வந்து விழுந்தா சாமிக்கு என்ன மரியாத?"

சப்பரம் தூக்கியவர்கள் வேர்த்து விறுவிறுத்து முன்னும் பின்னும் ஓடினார்கள். மூன்றாம் சுற்றில் வேல் மார்பைத் தொட்டது. அண்ணாச்சி ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் பெண்கள் பக்கம் பார்த்தார். அப்படியே மேலெழும்பி, வில்லாக வளைந்து, காற்றில் ஒரு கணம் நின்று, மணலில் விழுந்தார். அப்படியொரு வீழ்ச்சியை நான் கண்டதில்லை. நான் பாட்டை மறந்தேன். கூட்டம் இரைந்தது.

வழக்கப்படி சேவலைப் பறக்கவிட்டார்கள். அது நேரே வந்து சூரன் மார்பில் உட்கார்ந்தது. கூவிற்று. மீசையைக் கொத்திற்று. அண்ணாச்சி அசையவில்லை.

"எழும்பும் ஓய், திருநீறு வாங்கும்" என்றார் போற்றி. அசைவில்லை. சேவல் மூக்கைக் கொத்திற்று.

"ஏலே, கோழி கொத்தியும் அனங்கல்லியே!"

"டாக்டர் அன்னைக்கே சொன்னாருலா!"

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்கடே!"

பூக்காரி மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சூரன் மயிலாவான் என்று வீராப்பாகப் பேசியவன் நான்தான். 'ஆறுமுகனே, நாடகத்தை நாடகமாகவே முடித்துக் கொடு' என்று உள்ளே கதறினேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கணவர் முகத்தருகே குனிந்து ஏதோ சொன்னார். செண்டை ஒலியில் அது அவருக்கே கேட்டிருக்காது. நிமிர்ந்து, நேரே என்னிடம் ஓடி வந்தார்.

"மாமா, மைக்குல கட்டுன்னு சொல்லுங்க!"

"என்ன அம்மா?"

"கட்டு சொல்லாம எழும்ப மாட்டாரு! சத்தமா சொல்லுங்க!"

இறைவன் புகழன்றி வேறொன்றும் ஒலிக்காத அந்த ஒலிபெருக்கியில், முருகன் சன்னிதிக்கு நேர் எதிரே, என் வயதுக்கும் மூச்சுக்கும் மீறிய குரலில் நான் கூவினேன்:

"கட்!"

செண்டை நின்றது. மேளம் நின்றது. கூட்டம் நின்றது. சேவல் பறந்தது. அண்ணாச்சி கண் திறந்து எழுந்து உட்கார்ந்தார்.

"டேக் ஓகேயா?"

"ஓகே ஓய், ஓகே! உயிர் போயிட்டு வந்தது எங்களுக்கு!" என்று போற்றி அள்ளிய திருநீறு அவர் முகம் முழுதும் விழுந்தது.

அண்ணாச்சி அதைத் துடைக்கவில்லை. தேடினார். கண்டுகொண்டார். "ஏட்டி, பாத்தியா?"

அந்த அம்மையார் முந்தானையால் அவர் மூக்கை ஒற்றினார். "கோழி கொத்தின இடத்துல ரத்தம் வருது. வீட்டுக்கு வாங்க, மஞ்சள் வைக்கணும்." இரண்டடி நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நல்லா விழுந்திய."

ஆண்டுகள் சில ஆகிவிட்டன. மூங்கில் சூரனை மறுபடி கட்டும் பேச்சே எழவில்லை. ஒவ்வொரு சஷ்டியிலும் அண்ணாச்சி விழுகிறார். பதிகங்கள் முடிந்ததும் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும் பேறு எனக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லிவிட்டு, அவர் கண் திறக்கும்வரை, நான் மூச்சு விடுவதில்லை.