கண்ணீரைத் துடைக்க நிதி தாரீர்

என்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே ‘அவர்களே’ என்றும் போட்டுவிட்டால் நான் தொலைந்தேன். மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊர்ப்பக்கத்தில் மிளகும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கும் எனக்கு, அதுவரை அந்த மரியாதையைக் கொடுத்தது கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் ஒன்றுதான். (அதுவும் ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன்னால்.)

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே கணக்கு வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. என் மகள் பவித்ரா அப்போது ஏழாவது. புது வாத்தியார் வராவிட்டால் அவளை மலையை விட்டு இறக்கி ஹாஸ்டலில்தான் சேர்க்க வேண்டும். அவளோ இருட்டிவிட்டால் அம்மா முந்தானையை விடமாட்டாள். “நீ எங்கயும் போவ வேண்டாஞ் சாமி, அப்பன் பாத்துக்கறேன்” என்று தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் ஒரு கட்சித் தலைவரிடமிருந்து போனுக்கு மெசேஜ் வந்தது. “அன்புள்ள காளியப்பன் அவர்களே, ஆசிரியர் இல்லாத பள்ளிகளின் அழுகுரல் உங்களுக்குக் கேட்கவில்லையா? கல்விப் புரட்சி நிதிக்கு இன்றே தாரீர்!” எனக்குப் புல்லரித்துப் போனது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கதி அந்த மனுசனுக்கு எப்படித் தெரிந்தது!

என் சம்சாரம் செல்வி கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். “ஏனுங்க, மேலூட்டு ராசம்மாக்காளுக்கும் இதே வந்திருக்குது. பேரு மட்டுந்தான் வேற.”

“அவிங்க புள்ளைகளும் படிக்குதில்ல?”

“அந்தக்காளுக்குப் புள்ளையே இல்லீங்க.”

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே! எங்கள் ஊரில் கோயில் நோம்பிக்கு வரி கொடுத்தவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். கொடுக்காதவன் வாயைத் திறந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். கட்சிக்கும் இதே சட்டம்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வரியைக் கட்டிவிட்டு வாத்தியாரைக் கேட்டால் ஆயிற்று! மிளகு விற்ற காசை அப்படியே அனுப்பினேன். “வரலாறு உங்களை மறக்காது” என்று பதில் வந்தது. கூடவே ராசிபுரம் பக்கம் நடக்கும் கல்வி மாநாட்டுக்கு அழைப்பும் வந்தது.

வெறுங்கையோடு போகலாமா? பெரிய பலாப்பழம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். (கொண்டையூசி வளைவில் பக்கத்து சீட்டு அம்மாள் வாந்தி எடுத்தார். பழத்தின் மேல் படாமல், என் மேல் மட்டும்.)

மாநாட்டில் ‘மலையிலிருந்து நிதி தந்த ஏழை விவசாயி’ என்று பழத்தோடு என்னை மேடையில் ஏற்றி மைக்கையும் நீட்டினார்கள். நன்றி சொல்வேன் என்று நினைத்தார்கள் போல.

“வரி கட்டிட்டனுங்க. எங்கூருக்குக் கணக்கு வாத்தியார் எப்ப வருவாருங்க?”

கூட்டம் கைதட்டியது. தலைவர் சிரித்தபடி, “நம்ம ஆட்சி வந்ததும் வருவார் ஐயா” என்றார்.

“புள்ளைக்கு ஜூன்ல எட்டாவதுங்க. அதுக்குள்ள ஆட்சி வந்துருங்களா?”

மைக் செத்துப்போனது. ஒரு தொண்டர் தோளில் கைபோட்டு, “போதும் பெருசு, எறங்கு” என்றார். (எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.) பவித்ராவிடம் என்னவென்று சொல்வேன்? அந்த நினைப்பு வந்ததும், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். யாரோ போட்டோ எடுத்தார்கள். பழத்தை மேடைக்குப் பின்னால் அறுத்தார்கள். எனக்கும் ஒரு சுளை கிடைத்தது.

அடுத்த வாரம் மறுபடியும் மெசேஜ். “அன்புள்ள காளியப்பன் அவர்களே, இந்த ஏழைத் தகப்பனின் கண்ணீரைத் துடைக்க மாட்டீர்களா? இன்றே நிதி தாரீர்!” கீழே படத்தில் நானும் பலாப்பழமும்.

அடப்பாவிகளா! என் கண்ணீரைத் துடைக்க என்னிடமே வசூலா? அந்த மெசேஜை மூடுவதற்குள் மலையின் இன்னொரு பக்கம் எடப்புளி நாட்டிலிருந்து செல்வியின் தம்பி போன் போட்டான்.

“மாமா, அழுவாதீங்க. என்னால ஆனத அனுப்பிட்டனுங்க.”

“யாருக்குடா அனுப்புன?”

“உங்களுக்குத்தானுங்க!”

செல்வி என்னோடு சண்டை போடவில்லை. பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாத்தியார் வரவில்லை. ஜூனில் முள்ளுக்குறிச்சிப் பக்கத்து ஹாஸ்டலில் சேர்க்க அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். ரோட்டில் நின்ற எனக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. பவித்ரா ஜன்னலில் தலையை நீட்டி, “அப்பா, அழுவாதீங்க! மாமா மறுபடியும் காசு அனுப்பிருவாரு” என்றாள். விஷயம் தெரிந்த பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் வெங்காயம் அரிந்து யார் கண் கலங்கினாலும், “போட்டோ எடு, வசூலாவும்” என்பார்கள். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் பவித்ராவும் அதையே சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். ஏறி உட்கார்ந்த பிறகு மட்டும் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.