தொழிற்சாலைச் சுருக்கம்

குராமோச்சி கேமராவைத் துடைத்தார். துணியில் அழுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். இந்த முறை வந்தது அழுக்கில்லை, பெயிண்ட். கறுப்பு மேல்மூடியில் விரல்நகம் அளவுக்குப் பித்தளை பல்லைக் காட்டியது.

அவருடைய கேமராவாக இருந்திருந்தால் ஒரு பெருமூச்சோடு போயிருக்கும். அது உராவா நகரப் பழங்கேமரா அன்பர் மன்றத் தலைவர் இவாபுச்சியின் கேமரா. மன்றத்தில் சேர விரும்புகிறவரிடம் தலைவர் அதைச் சில நாள் இரவலாகத் தருவார். கொடுத்தபடியே திரும்பி வந்தால் உறுப்பினர், வராவிட்டால் இல்லை. கொடுக்கும்போது வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சொற்பொழிவும் ஆற்றுவார்.

"இந்தச் சுருக்கத்தைப் பாருங்க, முதலைத் தோல் மாதிரி. போருக்கு முன்னாடி தொழிற்சாலையில அடிச்ச பெயிண்ட். இன்னைக்கு உலகத்துல எவனாலயும் இதைக் கொண்டுவர முடியாது."

குராமோச்சி மனைவியிடம் சொன்னார். யோஷியே சமையலறையில் முள்ளங்கி துருவிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொடுக்கணும்."

"இப்படியே கொடுத்தா?"

"சேத்துக்க மாட்டாங்க."

துருவுவது நின்றது. "அப்ப ஞாயித்துக்கிழமையும் நீங்க வீட்லதான் இருப்பீங்களா?"

குராமோச்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்றது ஏப்ரலில். அதிலிருந்து வாரத்தின் எல்லா நாளும், மூன்று வேளையும், அவர் அந்த இரண்டு அறை வீட்டில் யோஷியே துடைக்கவேண்டிய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா," என்றார்.

"எதையாவது பண்ணிச் சரிபண்ணுங்க."

முதலில் கறுப்பு எனாமலைத் தூரிகையால் தொட்டு வைத்தார். சுருட்டைமுடித் தலையில் ஒரு வட்டத்தை மட்டும் மழித்து எண்ணெய் தடவியது போல அது பளபளத்தது. பாதி மழித்த தலைக்கு முழு மொட்டையே மேல் என்று, மேல்மூடியைக் கழற்றி எல்லாப் பெயிண்டையும் உரித்தார். உரிந்த வேகத்தைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம்கூட. இனித் திரும்பிப் போக வழியில்லை.

கடையில் பீச்சியடிக்கும் சுருக்கப் பெயிண்ட் டப்பா கிடைத்தது. ஈரம் காயுமுன் மேலுக்கு மேல் தடிமனாக அடித்து, உடனே சூடேற்றினால் தானாகச் சுருங்கும் என்றார் கடைக்காரர். குராமோச்சி பால்கனியில் நின்று அடித்தார். மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை.

பக்கத்து வீட்டு நிஷிவாகி அம்மாள் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். "குராமோச்சி சார், காயப்போட்ட எங்க மெத்தையில எறும்பு ஏறிடுச்சோன்னு நெனச்சேன். தட்டினாலும் போகமாட்டேங்குது."

யோஷியே ஒரு பெட்டி இனிப்போடு போய் இடுப்பு வலிக்கக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்தது குளியலறை. அங்கே காற்றில்லை. தலை காயவைக்கும் இயந்திரத்தால் சூடேற்றினார். மூடியின் ஒரு பக்கம் உப்பில் ஊறிய பிளம் பழமாக வற்றிப்போயிற்று. மறுபக்கம் குழந்தையின் கன்னமாக வழவழத்தது. பாதியிலேயே இயந்திரம் ஒரு முனகலோடு உயிரை விட்டது.

"இனி நான் தலையை எதுல காயவைக்கிறது?"

"வெயில்ல."

"மழைக்காலம்ங்க இது."

மறுபடி உரித்து, மறுபடி அடித்து, இந்தத் தடவை அடுப்புக்குக் கீழே மீன் சுடும் தட்டில் வைத்தார். நெருப்பு மேலிருந்து இறங்கியது. பெயிண்ட் கொப்புளித்தது. ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு இருவரும் குடையோடு வெளியே நின்றார்கள். திரும்பி வந்து எடுத்துப் பார்த்தபோது, கொப்புளங்களுக்கு நடுவே ஆங்காங்கே நல்ல சுருக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கானாங்கெளுத்தி வாடை.

"தலைவர் என்ன, மோந்தா பாக்கப்போறாரு," என்றார் குராமோச்சி ஈனக்குரலில்.

"முகத்துல வெச்சுத்தானே படம் எடுக்கணும்?"

 குராமோச்சி தரையில் உட்கார்ந்து மறுபடி உரிக்கத் தொடங்கினார். தலைவர் வேண்டாம், மன்றம் வேண்டாம், பேசாமல் சாகும்வரை இந்த மூலையிலேயே இருந்துவிடுகிறேன் என்றார். அதைக் கேட்டு யோஷியேவுக்குத்தான் பயம் வந்தது. அலமாரியைத் திறந்து, ரொட்டி சுடும் சின்ன அடுப்பைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இந்த வீட்ல கெடாம மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துக்கங்க."

மறுபடி பெயிண்ட் அடித்த மூடியை உள்ளே வைத்துவிட்டு, அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன் இருவரும் டீயோடு உட்கார்ந்தார்கள். பால்மேல் ஆடை படர்வது போலப் பெயிண்ட் மெல்ல நெளிந்தது. ஓரத்தில் ஒரு கோடு, பிறகு பக்கத்தில் இன்னொன்று, பிறகு மூடி முழுக்கப் பொடிப்பொடியாக. கல்யாணம் ஆன நாளாக அவர்கள் ஒன்றைச் சேர்ந்து இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"வந்துடுச்சு," என்றார் குராமோச்சி. "எவ்வளவு அழகு பாரு."

"என் முகத்துல வந்தப்ப நீங்க இவ்வளவு உத்துப் பாக்கலையே."

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு வரவேற்பறையில் குராமோச்சி முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போயிருந்தது. தலைவர் கையுறை மாட்டினார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். மூடியை வெளிச்சத்தில் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்தார். 

"குராமோச்சி."

"சார்."

"படம் எடுத்தீங்களா?"

"எடுக்கத் துணிச்சல் வரலீங்க."

"அதுதான் மரியாதை." தலைவர் கேமராவைப் பட்டுத்துணியில் வைத்தார். "எத்தனை தடவை பாத்தாலும் அலுக்கல. இந்தச் சுருக்கம் இருக்கே, இதுக்கு அந்தக் காலத்துக் கை வேணும், அந்தக் காலத்துப் பொறுமை வேணும். நேத்து வந்தவன் வீட்ல உக்காந்து டப்பாவைக் குலுக்கி அடிச்சா வருமா?"

"வராதுங்க."

"சொல்றேன் கேளுங்க, நான் தொட்டே சொல்லிடுவேன். இது தொழிற்சாலைப் பெயிண்ட்." எழுந்து நின்று கையை நீட்டினார். "மன்றத்துக்கு நல்வரவு."

குராமோச்சி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். தலைவரின் மனைவி ஷூ மாட்டும் கொம்பை நீட்டினார். குனிந்து மாட்டிக்கொண்டிருந்த அவர் காதருகே, உள்ளே கேட்காதபடி சொன்னார்:

"உங்களுக்குச் சுருக்கம் ரொம்ப நல்லா விழுந்திருக்குங்க; போன வருஷம் சேந்தவர் அடிச்சது துணி பட்டாலே உரிஞ்சிடும்போல இருந்தது."