திவான் வீடு

"ஏங்க, காப்பி ஆறிப் போவுது" என்று பரிமளா மூன்றாவது முறையாகச் சொன்ன பிறகும் மாணிக்கவேல் டம்ளரைத் தொடவில்லை. வீட்டு முன்கட்டில் இருந்த தன் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற பெரும்பலகையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிர்ச்சாரியில் இருந்த சந்திரமோகனின் பட்டுக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று வரை அந்தக் கடைச் சுவரில் ஒரு காலண்டர்தான் தொங்கியது. இன்று ஆறடி அகலத்துக்குக் கண்ணாடி போட்ட படம். படத்தில் ஒரு ஆலமரம், கிளைக்குக் கிளை பெயர்கள். உச்சியில் சந்திரமோகன். வேரில், கொட்டை எழுத்தில், "ஜமேதார் சின்னசாமி, ஆரணி ஜாகீர்." மொத்தம் ஏழு தலைமுறை. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த பெண் வீட்டார் அந்த மரத்தின் முன்னால் வரிசையாக நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாணிக்கவேலுக்கு வயிறு எரிந்தது. சந்திரமோகன் ஏசி போட்டபோதும் எரிந்தது, கார் வாங்கியபோதும் எரிந்தது. ஆனால் ஏசிக்குப் பதில் ஏசியும் காருக்குப் பதில் காரும் வாங்கிவிட முடிந்தது. தாத்தாவுக்குத் தாத்தாவை எந்த ஷோரூமில் போய் வாங்குவது?

"ஜமேதாராம் ஜமேதார்! இன்னா பெரிய ஜமேதார்? பத்து சிப்பாய்க்கு மேஸ்திரி, அவ்ளோதான். நாம திவான் வீடு! திவான் எதிர்ல ஜமேதார் கையக் கட்டிகினு நிக்கணும், தெரியுமா?"

"எந்த ராஜாவுக்கு திவான்?" என்று கேட்டாள் பரிமளா.

மாணிக்கவேல் காப்பியை எடுத்துக் குடித்தார். பதில் இல்லாத கேள்விகளுக்கு அவர் எப்போதும் அப்படித்தான் ஏதாவது குடிப்பார்.

திவான் வீடு என்பது பொய்யில்லை. ஊரே அவர்கள் குடும்பத்தை அப்படித்தான் கூப்பிட்டது. ஆனால் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டுவைக்க ஆள் இருக்கவில்லை. அப்பா அருணாச்சலம் மாணிக்கவேலின் பன்னிரண்டாம் வயதிலேயே போய்விட்டார். தாத்தா, இவர் பிறப்பதற்கு முன்பே. தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அவருடைய பெயரைப் பேரனுக்கு வைத்ததோடு சரி. அவர் எப்படி இருந்தார் என்று இந்த மாணிக்கவேலுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் கோயில் கமிட்டித் தலைவர் சம்பந்தம் கடைக்கு வந்து, எரிகிற வயிற்றில் எண்ணெயையும் ஊற்றிவிட்டுப் போனார்.

"ஆவணியில கும்பாபிஷேகம். மொதல் பரிவட்டம் இந்தத் தெருவுல பழைய குடும்பத்துக்குன்னு முடிவு பண்ணிக்கிறோம். சந்திரமோகன் ஏழு தலைமுறை எழுதிக் குடுத்துட்டான்."

"நாங்க திவான் வீடுங்க!"

"நானும் சின்ன வயசுலேர்ந்து அப்பிடித்தான் கூப்புட்டுகினு இருக்கேன் மாணிக்கம். ஆனா ஆதாரம் வேணும்ல? வர்ற ஞாயித்துக்கெழமை கூட்டம். எடுத்துகினு வா, பாக்கலாம்."

சந்திரமோகன் தலையில் பரிவட்டம் கட்டி, மேளதாளத்தோடு இவர் கடை வாசல் வழியாகவே நடந்து போகும் காட்சி மாணிக்கவேலின் கண்முன் வந்தது. போகிற போக்கில் அவன் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கவும் செய்வான். அது நடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் திவானைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் வேலையாக எட்டடிக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் ஆர்டர் கொடுத்தார். உள்ளே வைக்க ஒரு பெயரும் கிடைக்கவில்லை, ஆனாலும் சந்திரமோகனுடையதைவிட இரண்டடி கூட. அதை மாட்டுவதற்குச் சுவர் வேண்டும். சுவரை அடைத்துக்கொண்டு அந்தப் பெரும்பலகை கிடந்தது.

"அது மாமனாரு காலத்துக்கும் முன்னாடி உள்ளதுங்க. தேக்கு. இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள் பரிமளா.

"மூட்டப்பூச்சிக்கு மடம் கட்டி வச்சிருக்கோம். தூக்கிப் போடு!"

பழைய மரச்சாமான் வாங்குகிறவன் வந்து பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது அவன் சந்தோஷமாக இருந்ததை மாணிக்கவேல் கவனிக்கவில்லை.

மறுநாள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுத்தராக இருந்த தென்னரசு, சுற்றுக் கிராமத்துப் பையன், பொறுமைசாலி. வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, பழைய பத்திரத்தின் நகலையும் எடுத்துக் கொடுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் வீடு வாங்கிய பத்திரம். அதில் தாத்தாவின் பெயர் தெளிவாக இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் தொழில் அதைவிடத் தெளிவாக இருந்தது. "நெசவுக் கூலி."

தென்னரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். "சார், திவான் பேரனுங்க கூலிக்கு நெய்வாங்களா சார்?"

"அது... அந்தக் காலத்துல அடக்கமா எழுதுவாங்க தம்பி."

நகலை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். ஆனால் தென்னரசுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அன்று மாலையே அவன் புடவை எடுக்கச் சந்திரமோகன் கடைக்கு வந்தான், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டான். காலையில் சந்திரமோகன் தெருவைத் தாண்டி வந்து, மாணிக்கவேலின் தோளில் கை வைத்தான்.

"அண்ணா, மனசு கஷ்டப்படாதீங்க. கூலிக்கு நெய்ஞ்சா இன்னா? ஒழைச்சி சாப்பிட்ட குடும்பம்ணா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஆறுதல் சொல்லிவிட்டான். அதைவிடப் பெரிய அடி, அவன் திரும்பிப் போனபோது தெரிந்தது. அவன் கடை நடுவில், பாலிஷ் போட்டு, மெரூன் நிற மெத்தை விரித்து, அந்தப் பெரும்பலகை பளபளத்துக்கொண்டிருந்தது.

"பழைய சாமான் கடையில பாத்தேன்ணா. உங்களுதாமே! வெளியாளு கிட்ட போவக் கூடாதுன்னு நானே எடுத்துட்டேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

தன்னிடம் இருந்தவரை மூட்டைப்பூச்சிப் பலகை. அவனிடம் போனதும் அரண்மனைச் சாமான். மாணிக்கவேலுக்கு இரவு சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரை இடுகாட்டுக்குப் போனார். பத்திரம் பொய் சொல்லலாம், கல் சொல்லாது என்பது அவர் கணக்கு. காவலாள் துரை அவரை முள்ளுக்குள் கூட்டிக்கொண்டு சுற்றினான். கடைசியில், புற்று மண் பாதி மூடிய ஒரு பழைய கல். இடது பக்கம் முழுக்க மண்ணுக்குள். வலது பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. மாணிக்கவேல் விபூதியை அள்ளி எழுத்துகளின்மேல் தேய்த்தார். முதல் வரியின் கடைசியில் "வான்." இரண்டாவது வரியின் கடைசியில் "தார்." மூன்றாவதில் "சாமி."

"துரை! இன்னா போட்டிருக்குது பாத்தியா? திவான்! கீழ தாசில்தார்! ரெண்டு உத்தியோகமும் பாத்துக்கிறாரு எங்க தாத்தாவுக்குத் தாத்தா!"

"மண்ணை எடுத்துட்டா முழுசாத் தெரியுமுங்க."

"கைய வைக்காத! இருநூறு வருஷமா நிம்மதியாப் படுத்துகினு இருக்காரு."

அங்கேயே கல்லுக்குப் பால் ஊற்றி, மாலை போட்டு, வடை பாயசத்தோடு படையல் வைத்து, விழுந்து கும்பிட்டார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. ஐயா, உங்களால்தான் எனக்கு மானம் போகாமல் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். போட்டோ எடுத்து, "எங்கள் முன்னோர் திவான் தாசில்தார் சாமி அவர்கள்" என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நாற்பத்திரண்டு பேர் கும்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை சந்திரமோகன் மறுபடியும் தெருவைத் தாண்டி வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். பின்னால், தலையைச் சொறிந்தபடி துரை.

"அண்ணா, உங்க காலைத் தொட்டுக் கும்புடணும்ணா!" சந்திரமோகனின் குரல் தழுதழுத்தது. "போட்டோவப் பாத்ததும் துரைய வச்சி மண்ணை எடுத்துப் பாத்தேன். 'பாக்கியவான் ஜமேதார் சின்னசாமி'! பேப்பர்ல எழுதினதுக்கு ஆதாரம் இல்லையேன்னு சம்பந்தம் மாமா சந்தேகப்பட்டுகினு இருந்தாரு. நீங்க கல்லையே காட்டிட்டீங்க. படையல் வேற போட்டீங்க. எங்க வீட்டுல யாருக்கும் தோணலண்ணா இது."

மாணிக்கவேல் ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்? எதிரியின் பாட்டனுக்கு வடை சுட்டுப் படைத்துவிட்டு வந்தவர் முகத்தைப் பார்த்து, பரிமளா அடக்கமுடியாமல் சிரித்தாள்.

சந்திரமோகன் போனதும் துரை மெதுவாகக் கிட்டே வந்தான்.

"பேஜாராப் போச்சுங்க, நான் இன்னா பண்ணட்டும்? ஒரு விஷயம் சொல்றேன். உங்க தாத்தாவ நேர்ல பாத்தவரு ஒருத்தர் இன்னும் இருக்காரு. அய்யாக்கண்ணு. முன்ன இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு மர வேலை செஞ்ச குடும்பம். இப்ப மக வீட்டுல, பெரணமல்லூர்ல இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாணிக்கவேல் காரை எடுத்துக்கொண்டு பெரணமல்லூர் பறந்தார். அய்யாக்கண்ணுவுக்கு எண்பத்தெட்டு வயது. பார்வை மங்கல். ஞாபகம் மட்டும் கூராக இருந்தது.

"எங்க தாத்தா எப்பிடி இருப்பாருங்க? ஒரு போட்டோகூட இல்லீங்க எங்க கிட்ட" என்று அவரைக் காரில் கூட்டிவரும்போது கேட்டார் மாணிக்கவேல்.

"உன்னக் கிட்ட பாத்தாத்தான் சொல்ல முடியும். கண்ணு தெரியலையே."

"அது போவட்டும். எங்களுக்குத் திவான் வீடுன்னு பேரு ஏன் வந்திச்சின்னு தெரியுமா?"

"தெரியாம? அந்த வேலை நடக்கிறப்போ நானும்தான பக்கத்துல இருந்தேன். இன்னா ஆச்சின்னா..."

"இருங்க இருங்க! இப்ப சொல்லாதீங்க. சபையில சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும். அந்தச் சந்திரமோகன் கேக்கட்டும்."

கோயில் மண்டபத்தில் வெள்ளையடிப்பு நடந்ததால் கூட்டம் சந்திரமோகன் கடையில்தான். மாணிக்கவேல் வேண்டாவெறுப்பாகப் படியேறினார். கமிட்டிக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருக்க, சம்பந்தம் நடுநாயகமாக அந்தப் பெரும்பலகையின்மேல் அமர்ந்திருந்தார். சுவரில் ஆலமரம். பக்கத்திலேயே, புடவையை மேலே போட்டுப் பார்ப்பதற்கு ஆளுயரக் கண்ணாடி.

"சாட்சியக் கூட்டியாந்திருக்கேன். எங்க தாத்தாவ நேர்ல பாத்தவரு. பெரியவரே, இப்ப சொல்லுங்க" என்று மார்பை நிமிர்த்தினார் மாணிக்கவேல்.

அய்யாக்கண்ணு பலகையில் சம்பந்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கையால் தடவினார். விளிம்பைத் தடவினார். குனிந்து பலகையின் காலைத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"திவான் வீட்டுக்கே கூட்டியாந்துட்டியா! சொல்லவே இல்லையே!"

"இது திவான் வீடு இல்லீங்க. திவான் வீடு எதிர்ல இருக்குது. இது சந்திரமோகன் கடை" என்றார் மாணிக்கவேல்.

"அப்ப திவான் இங்க இருக்குதே?"

"எங்க?" என்று கேட்டார் சம்பந்தம்.

"இன்னாப்பா இது, மேல உக்காந்துகினு எங்கன்னு கேட்டா?" அய்யாக்கண்ணு பலகையை ஓங்கித் தட்டினார். "எங்கப்பாரு இழைச்ச திவான் கட்டில்! தேக்கு! நான் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன், அப்ப பத்து வயசு எனக்கு. இந்த ஊர்லயே மொதோ திவான் இதுதான். தெருவே வந்து பாத்திச்சி. அதுலேர்ந்துதான் திவான் வீடு, திவான் வீடுன்னு பேரு நின்னுடிச்சி."

கடையில் யாரோ ஒருவர் "க்ளுக்" என்றார். அப்புறம் எல்லோரும். பலகை ஆடும்படி சிரித்த சம்பந்தம், அதைப் பிடித்துக்கொண்டார். சந்திரமோகன் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, அப்பிடின்னா இப்ப நாங்களா திவான் வீடு?" என்று மரியாதையாகக் கேட்டான்.

ஏழு தலைமுறை அவனுக்கு. கல் அவனுக்கு. பரிவட்டமும் அவனுக்கு. கடைசியாக மிச்சமிருந்த பட்டப்பெயரையும் மூட்டைப்பூச்சியோடு சேர்த்துத் தானே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டோம் என்று மாணிக்கவேலுக்குப் புரிந்தது. பொறாமையில் அவர் வாய் கோணியது, புருவம் நெரிந்தது, மூக்கு விடைத்தது. தாத்தாமீதுகூடக் கோபம் வந்தது. குனிந்து அய்யாக்கண்ணுவின் முகத்துக்கு நேராகப் போய்க் கேட்டார்.

"கூலிக்கு நெய்ஞ்ச மனுஷனுக்கு எதுக்குங்க தேக்குல திவான்?"

அய்யாக்கண்ணு அப்போதுதான் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். தாடையைப் பிடித்து, பக்கத்திலிருந்த ஆளுயரக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

"எதிர் வீட்டுல ஈஸி சேர் வாங்கிப் போட்டுட்டாங்கன்னு மூணு நாளா சோறு எறங்காம எங்கப்பாரு கிட்ட வந்து நின்னாரு உங்க தாத்தா, போட்டோ இல்ல போட்டோ இல்லன்னியே, தோ பாரு, இதே மூஞ்சிதான்!"