பௌர்ணமியன்று ஒரு அப்டேட்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். வியாதிதான், மருந்து கிடையாது.

செங்கம் சாலையில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பன்னிரண்டு அறை லாட்ஜ் வைத்திருக்கிறார். அறை பதிவு செய்ய வலைத்தளம் செய்துகொடுத்தது நான். (படிப்பு முடித்து மூன்றே மாதம். பேச்சில் மட்டும் முப்பது வருட அனுபவம்.) வலைத்தளத்துக்கு ஃபிரேம்வொர்க் என்பது வீட்டுக்குத் தூண், உத்தரம் மாதிரி. எதை எடுப்பதென்று இருபது வீடியோ பார்த்துவிட்டு, சின்னம் அழகாக இருந்ததை எடுத்தேன். ஒரு வருடம் குறையே இல்லை. பிறகு அதன் புதிய பதிப்பு வந்தது.

“எப்பம்மா மாத்தலாம்?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“பௌர்ணமில பண்ணு. நல்ல நாள்.”

வேறு எந்த ஊரிலும் அது சரியான பதில்தான். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குத்தான் உலகமே கிரிவலம் வந்து அறை கேட்கும் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

குளித்து, விபூதி பூசி, பதிப்பை மாற்றினேன். பக்கம் திறந்தது, நிறம் பளிச்சென்று இருந்தது. திருப்தியாகப் போய் இட்லி சாப்பிட்டேன். நிரம்பிய அறையை ‘இல்லை’ என்று காட்டும் பகுதி புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் படுத்துவிட்டது எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் தளம் அறையை வாரி வழங்கிக்கொண்டிருந்தது.

மாலை நான்கு மணிக்கு மாமா கூப்பிட்டார். போனால், லாட்ஜ் வாசலில் முப்பத்தொரு குடும்பம். மாமா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“இத்தன வருஷத்துல ரூம் போட்டு வந்த ஒருத்தரயும் திருப்பி அனுப்பினதில்ல பாப்பா. இன்னிக்கு என் பேரே போச்சு. நல்லா ஓடிட்டிருந்தத ஏன் தொட்ட?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தார்.

“அழாத கண்ணு. நாங்க தூங்கவா வந்தோம்? மலைய சுத்தப் போறோம். குளிக்க ஒரு எடம், பை வெக்க ஒரு எடம் குடு, போதும்.”

மற்றவர்களும் முணுமுணுத்தபடியே ஒத்துக்கொண்டார்கள். குளியலறை வரிசைக்கு நான் காகிதத்தில் டோக்கன் எழுதிக் கொடுத்தேன். (அன்று என் கையால் பிழையில்லாமல் ஓடிய ஒரே மென்பொருள் அதுதான்.) எல்லாரும் குளித்துக் கிளம்பினார்கள். மாமா பெயர் தப்பியது. என் பெயர் தப்பவில்லை.

இன்றும் நான் மிக்ஸி பக்கம் போனால்கூட, “நல்லாதான ஓடுது, விடு” என்று வீடே பதறும். போன தையில் எனக்குக் கல்யாணம். வாழ்த்த மேடையேறிய மாமா, மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க நல்லாதான் இருக்கீங்க மாப்ள,” என்றார். “அதான் எனக்கு பயமா இருக்கு.”