ஐம்பத்தாறு வயது வாசகர் எழுதிக்கொள்வது

மருத்துவப் பக்கத்து ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அந்தப் பக்கத்தில் பதில் எழுதும் டாக்டரும் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே வேண்டிக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. "சிறுநீர் அடிக்கடி வருகிறது, போனால் சரியாகப் போவதில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்று உங்களுக்கு எழுதிய ஐம்பத்தாறு வயது வாசகர் நான்தான். எனக்குப் பதினேழு வயது. பெண். மன்னிக்க வேண்டும்.

அந்த ஐம்பத்தாறு வயது என் அப்பாவுடையது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு கார், ஒரு அறை, அந்த அறையில் நான். ஒன்பதாவதோடு படிப்பை விட்டதிலிருந்து அங்கே உட்கார்ந்து, யார் எப்போது வர வேண்டும் என்று சீட்டில் எழுதி நீட்டுகிறேன். கூச்சத்தில் வாயால் சொல்ல எனக்கு வராது. அப்பாவுக்கும் சொந்த விஷயம் எதையும் சொல்ல வராது, இந்த விஷயம் சுத்தமாக வராது. வீட்டில் குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்பார். அம்மா வெளியே நின்று, "உள்ளேயே தூங்கிட்டீங்களா?" என்பார். "பேப்பர் படிக்கிறேன்." "பேப்பர் என் கையில இருக்கு." அதற்குப் பிறகு குழாய்ச் சத்தம் மட்டும்தான் வரும். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உள்ளே போவார். அப்புறம் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார், வெயிலில் அந்தக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு.

எங்கள் காரில் அப்பா பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவசரம் வந்தால் அதை மிதித்துவிட்டு, "அந்த பெட்ரோல் பங்க்ல ஒதுக்குங்க, டயர்ல காத்து பார்க்கணும்" என்பார். எந்த வழியாகப் போனாலும் கழிப்பறை உள்ள அந்தப் பங்க் வந்துவிடும்படி பாடத்தையே மாற்றிக்கொண்டார். அதனால் எங்களிடம் படித்தவர்களுக்கு இடது பக்கம் ஒடித்து நிறுத்துவது அற்புதமாக வரும், வலது பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் ஒரு டீச்சரம்மா லைசென்ஸ் தேர்வுக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி நேராகப் போகச் சொல்ல, இவர் பழக்க தோஷத்தில் பங்க்குக்குள் திருப்பி, இன்ஜினை அணைத்து, "நீங்க போயிட்டு வாங்க சார், நான் வெயிட் பண்றேன்" என்றாராம். அவருக்கு ஃபெயில். அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, "என்னய்யா சொல்லிக்கொடுக்கறே?" என்று கேட்டார். அப்பா தலை குனிந்துகொண்டு நின்றார். அன்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிழைப்பு போய்விடும் என்று இல்லை, அப்பா இப்படியே குனிந்துகொண்டு, எதையும் சொல்லாமல், பெரிதாக ஏதாவது வந்து விழுந்துவிடுவார் என்று.

கேட்க வாய் வரவில்லை, அதனால் அவராகவே மாறி உங்களுக்கு எழுதினேன். ஆண்பிள்ளை போல எழுதிப் பழக்கமில்லாததால் நடுவில் "என் மகள் மிகவும் பொறுப்பானவள்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அதையும் அப்படியே அச்சில் போட்டுவிட்டீர்கள்.

டாக்டர் எவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார். வயதானால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பருத்துக் குழாயை நெருக்குவது பல ஆண்களுக்கு வருவதுதான், இதில் வெட்கம் எதற்கு, தண்ணீரை நிறுத்தாதீர்கள், அடக்காதீர்கள், சோதனை செய்துகொள்ளுங்கள், நிறையப் பேருக்கு மாத்திரையே போதும், ரத்தம் வந்தாலோ அடியோடு நின்றுபோனாலோ அன்றைக்கே ஓடுங்கள் என்று. அந்தப் பக்கத்தைக் காரில் அப்பாவின் இருக்கையில் விரித்து வைத்துவிட்டு, நான் அறைக்குள் போய் மேசைக்கடியில் பேனா தேடினேன். அவர் வெகுநேரம் படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, "இந்த ஆளைப் பாரேன். முன்னே பின்னே தெரியாதவங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கான். நான் டாக்டர் எதிர்ல உட்காரவே பயந்துட்டு இருக்கேன்" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டே, "பொண்ணுமேல உசிரா இருக்கான்போல" என்றார். நான் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேனில், போய்விட்டு வந்த பிறகும் பாதி உள்ளேயே தங்குவது தெரிந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கும் என்றார்களாம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். தண்ணீர் குடிக்கிறார். குழாயைத் திறப்பதில்லை. டீச்சரம்மா வலது பக்கம் திரும்புகிறார், தேர்விலும் தேறிவிட்டார். அம்மாவுக்குப் பேப்பர் சண்டை இல்லாமல் பொழுது போகவில்லை.

உங்களுக்கும் டாக்டருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரே வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம். அந்த வாசகர் யார் என்று எங்கள் அப்பா கேட்டு எழுதினால், ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தால் அப்புறம் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

உங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் நன்றாகத் தண்ணீர் குடித்து, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

பணிவுடன்,
ஐம்பத்தாறு வயது வாசகர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அப்பா வந்து உட்கார்ந்து, தான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதச் சொன்னார், அந்த ஐம்பத்தாறு வயது வாசகருக்கு. "அன்புள்ள நண்பரே, நீங்க கேட்டதால நான் பொழைச்சேன். உங்க பொண்ணு பொறுப்பானவதான், ஒத்துக்கறேன். அடுத்த தடவை அவ எதா இருந்தாலும் நேராவே கேட்கலாம், அவ அப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று. எழுதி முடித்து, உறையில் யார் முகவரி போடட்டும் என்று தலை நிமிராமல் கேட்டேன். "நம்ம முகவரியே போடு. ஸ்டாம்பு ஒட்டாதே, வீண்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.