அலுவலகத்துக்குச் சொந்தமான வாத்துகள்

பிரெபெஸ்
நோன்பு பதினாறு, வியாழக்கிழமை

மரியாதைக்குரிய ராஸ்தி சித்தப்பாவுக்கு,

உங்கள் மீதும் சித்தி மீதும் உங்களிடம் மிச்சமிருக்கும் வாத்துகள் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதினேன், அப்பா நலமில்லை.

நோன்புத் தொடக்கத்தில் நீங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்ற நாற்பது வாத்துகளும் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சங்க அலுவலகத்திலேயே இருக்கின்றன. நடந்ததை நானே எழுதுகிறேன், அப்பா சொன்னால் வரிசையாக வராது.

பெருநாளுக்கு ஊர் திரும்பும் பேருந்துகள் நெடுஞ்சாலையில் நிற்கும்போது அப்பாவின் கடையில் உப்பில் ஊறவைத்த வாத்து முட்டை இல்லையென்றால், கடை இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் அப்பா சொந்த வாத்துகள் கேட்டு சங்கத்துக்குப் போனார். சங்கம் வட்டிக்குப் பணம் தராது. பொருளைத் தானே வாங்கி, தன் லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, நமக்குத் தவணையில் விற்கும். ஆனால் விற்பதற்கு முன் பொருள் சங்கத்தின் கைக்கு வந்திருக்க வேண்டும். இதுவரை மேலாளர் முக்லிசின் ஐயா யாருக்காவது வாங்கி வாசலில் இறக்கிய ஃப்ரிட்ஜை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். போன மாதம் அவர் பயிற்சிக்காக ஜகார்த்தா போய்வந்தார். வந்ததிலிருந்து, "தட்டுனா போதாதுண்ணே. சரக்கு நம்ம கூரைக்குக் கீழ இருக்கணும். செத்தா நம்ம நஷ்டம்னு இருக்கணும். இல்லேன்னா அது வேஷம் போட்ட வட்டி" என்கிறார். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரிதான். ஆகவே நாற்பது வாத்துகளும் அலுவலகத்துக்குள் போயின. சங்கத்தின் மார்க்க மேற்பார்வையாளரான கியாயி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார், அவர் முன்னிலையில் மறுநாள் கையெழுத்து, ஒரு ராத்திரிதானே என்று இருந்துவிட்டோம்.

வாத்துகள் விடியலுக்கு முன் முட்டையிடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. காலையில் நாற்காலிக்கடியில் முட்டை, கோப்பு அலமாரியில் முட்டை, கியாயியின் தொழுகை விரிப்பில் முட்டை. அப்பா சந்தோஷமாகக் கூடையோடு போனார், முக்லிசின் ஐயா குறுக்கே நின்றார்.

"அண்ணே, ராத்திரி ஒரு வாத்து செத்திருந்தா யாரு நஷ்டம்?"

"உங்க நஷ்டம்தான்."

"அப்போ முட்டை?"

அப்பா கியாயியைப் பார்த்தார். நஷ்டத்தைச் சுமப்பவருக்குத்தான் விளைச்சலும் என்று கியாயி தீர்ப்புச் சொன்னார். சரி, முட்டை போகட்டும் என்று வாத்துகளை எண்ணினால் ஒன்று குறைகிறது. எண்ணிக்கை சரியில்லாமல் விற்பது கூடாது. கியாயி போன பிறகுதான் அது கணக்கர் இஸ்தி அக்காவின் மேசை இழுப்பறைக்குள் கிடைத்தது. அங்கேயே அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. சங்கத்தின் முத்திரை அதற்கு அடியில் இருக்கிறது. கை வைத்தால் கொத்துகிறது. முத்திரை விழாமல் ஒப்பந்தம் செல்லாது, அதனால் இரண்டாவது வெள்ளியும் போயிற்று.

"நாப்பது வாத்து வாங்கப் போயி, ரெண்டு வாரமா வெறுங்கூடையத் தூக்கிட்டு நடக்குற ஆளு இந்த ஊர்லயே நீங்கதான்" என்று அம்மா நோன்பு திறக்கும்போது சொன்னாள். அப்பா இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் முட்டைகளை வீணாக்குவது பாவம் என்று இஸ்தி அக்கா உப்புப் போட ஆரம்பித்தாள். அதற்கு முட்டைமேல் குழைத்துப் பூசச் செங்கல் தூளும் உப்பும் வேண்டும். எங்களிடம்தான் இருந்தன. முக்லிசின் ஐயா முறைப்படி வீட்டுக்கு வந்து, "அண்ணே, உங்க லாபம் எவ்வளவுன்னு சொல்லிடுங்க, தவணையில குடுத்துடுறேன்" என்றார். ஆகவே சித்தப்பா, கடன் கேட்டுப் போன அப்பா இப்போது சங்கத்துக்கே தவணையில் சரக்கு கொடுக்கிறார். சேமிப்புப் போட வருகிறவர்கள் எல்லாம் முட்டை வாங்கிப் போகிறார்கள். அப்பாவும் ஒன்று வாங்கி வந்து, நோன்பு திறந்ததும் தின்று பார்த்து, "மஞ்சக்கரு நம்மளுதவிட நல்லா செவந்திருக்கு" என்றார்.

முட்டை ஊறப் பத்து நாளாவது வேண்டும். நாளைய வெள்ளியும் தவறினால் கடை போய்விடும். விற்றவரும் வாங்கியவரும் மனமொத்தால் விற்பனையை ரத்து செய்யலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. எனவே இந்தக் கடிதம் கிடைத்ததும் லாரியோடு வந்து, வாத்துகளை சங்கத்திடமிருந்து திரும்ப வாங்கி, நேராக அப்பாவுக்கே தவணையில் விற்றுவிடுங்கள். தயவுசெய்து வாத்துகளை வைத்துக்கொண்டு எங்கும் ஒரு ராத்திரிகூடத் தங்க வேண்டாம்.

சித்திக்கு என் சலாம். தம்பிகளின் நோன்பும், பாதி நாள் நோன்பும், ஏற்றுக்கொள்ளப்படட்டும்.

உங்கள் அண்ணன் தர்ஜோனோவின் மகள்,
ரோஸிதா

பின்குறிப்பு: கடிதத்தைக் கொண்டுபோக வேண்டிய பேருந்து நடத்துனர் நேற்று வரவில்லை. இன்று சனிக்கிழமை. நேற்று இஸ்தி அக்கா இறால் காட்டி வாத்தை எழுப்ப, கியாயி முன்னிலையில் முத்திரை விழுந்து, நாற்பதும் வீட்டுக்கு வந்துவிட்டன. இன்று விடியலுக்கு முன் பார்த்தால் கொட்டகையில் ஒரு முட்டைகூட இல்லை, வாத்துகளும் இல்லை. வரிசையாக நடந்துபோய் அலுவலக வாசலில் கதவு திறக்கக் காத்திருந்தன. முக்லிசின் ஐயா வந்து திறந்தார், உள்ளே போய் முட்டையிட்டன. முட்டை நம்முடையது, மேசைக்கடி சங்கத்துடையது என்று கியாயி சொல்லியனுப்பினார். அப்பா மேசைக்கடியை வாடகைக்கு எடுத்துவிட்டார். இன்றே முதல் கூடை முட்டை உப்பில் இறங்கியது. ஆகவே லாரி வேண்டாம் சித்தப்பா. மேசைக்கடியில் பரப்ப வைக்கோல் மட்டும் கொண்டு வாருங்கள். ஒப்பந்தப்படி அது வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு.